பட்டாசா, துப்பாக்கியா என்று யோசிக்கும் நேரம்

நிவாரண அமைப்பு ஒன்றில் வேலை பார்க்கிறேன். கலவரம் அடங்கிய ஊர், குண்டு வெடித்த ஊர், அடுத்தது இங்கேதான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிற ஊர் என எங்காவது அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அனுப்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். ‘ஹீட்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். போர்முனைக்குப் போகும் பத்திரிகையாளர்கள், மருத்துவர்கள், எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் எடுத்துக்கொள்வதுதான். சொல்லித்தருபவர்கள் பெரும்பாலும் ராணுவத்திலோ காவல்துறையிலோ இருந்து ஓய்வுபெற்றவர்கள். அடி, உதை, தற்காப்புக் கலை என்று ஏதோ இருக்கும் என நினைத்துக்கொண்டு போனால், அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்றுதான்: சத்தம் காதில் விழுவதற்கும் கால் நகர்வதற்கும் நடுவில் போகிற நேரத்தைக் குறைப்பது. இத்தனை வருடம் கழித்தும் அதைவிடப் பெரிய பாதுகாப்பு எதையும் நான் பார்க்கவில்லை.

அந்தப் பயிற்சியில் ஒரு நாள், சாப்பாட்டு வேளையில், சொல்லாமல் கொள்ளாமல் கூடத்துக்கு வெளியே வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டார்கள். டப், டப், டப் என்று வறண்ட சத்தம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தோம். “ஏதோ கட்டட வேலை நடக்குது போல” என்றார் ஒருவர். இன்னொருவர் வாயில் இருந்ததை மென்றபடியே ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். பயிற்சியாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முதலில் ஜன்னலை மூடினார், பிறகுதான் பேசினார். இத்தனைக்கும் நாங்கள் எல்லோரும் ஆபத்தைப் பற்றிப் படிக்கவென்றே வந்து உட்கார்ந்திருந்தவர்கள்.

மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. புதிதாக எதைக் கேட்டாலும், ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு அதைப் பொருத்திப் பார்த்துச் சமாதானமாகிவிடும். சத்தமா, பட்டாசாக இருக்கும். புகையா, எங்கேயோ எதையோ எரிக்கிறார்கள். 2015 நவம்பர் 13 அன்று பாரிஸின் பட்டக்லான் இசையரங்கில் துப்பாக்கிச் சூடு தொடங்கியபோது, அது நிகழ்ச்சிக்காக வெடிக்கும் பட்டாசு என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். தப்பி வந்தவர்களே சொன்னது இது. அந்த அரங்கில் மட்டும் 90 பேர் இறந்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களிலும் இதே கதைதான். உயிர் பிழைத்தவர்களைப் பின்னாளில் அமெரிக்க அரசின் தரநிர்ணய, தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான நிஸ்ட் விசாரித்தபோது, படியிறங்குவதற்கு முன் போன் பேசியவர்கள், பொருட்களை எடுத்துவைத்தவர்கள், என்ன நடந்தது என்று பக்கத்து மேஜையில் விசாரித்தவர்கள் எனப் பலர் நிமிடக் கணக்கில் தாமதித்தது தெரியவந்தது.

அந்தக் கோபுரத்தில் தாமதிக்காத ஒரு கூட்டமும் இருந்தது. தெற்குக் கோபுரத்தில் இயங்கிய மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ரிக் ரெஸ்கோர்லா. 1993-இல் அதே கட்டடத்தின் அடித்தளத்தில் குண்டு வெடித்ததைப் பார்த்தவர். அதன் பிறகு ஊழியர்களை மாடிப்படி வழியாக இறக்கி ஒத்திகை நடத்திக்கொண்டே இருந்தார். வேலை நேரம் வீணாகிறதென்று மேலதிகாரிகள் முணுமுணுத்தும் விடவில்லை. வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியதும், தெற்கில் இருப்பவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு ஆட்களைப் படியில் இறக்க ஆரம்பித்துவிட்டார். ஏறத்தாழ 2,700 ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் வெளியே வந்துவிட்டார்கள். மிச்சம் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க மேலே போன அவர் திரும்பவில்லை. அந்த ஊழியர்களுக்கு அன்று புதிதாக எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எந்தப் படி, எந்தப் பக்கம் என்று கால்களுக்கே தெரிந்திருந்தது.

இதிலிருந்து நான் எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஏதோ சரியில்லை என்று பட்டால் முதலில் நகர்ந்துவிடுவது, காரணத்தை நகர்ந்த இடத்தில் நின்று விசாரிப்பது. ஒரு கருத்தரங்கில் பின்வரிசைப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. நான் பக்கவாட்டுக் கதவு வழியாக நடைபாதைக்கு வந்துவிட்டேன். மின்சாரப் பெட்டியில் ஏதோ வெடித்திருக்கிறது, அவ்வளவுதான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த விதிக்கு நான் கொடுக்கும் அதிகபட்ச விலை அந்தச் சிரிப்புதான்.

இதைப் படிக்கும்போதே சிலருக்குப் படபடப்பு வரலாம் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உலகில் சாலை விபத்தில் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் பேர் சாகிறார்கள். பயங்கரவாதத்தில் அண்மை ஆண்டுகளில் சாகிறவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி போல ஒரு சில நாடுகளில். ஆகவே வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பது பாதுகாப்பு அல்ல. கார் ஏறியதும் பெல்ட் போடுகிறோம், அதற்காக விபத்தை நினைத்து நடுங்கிக்கொண்டா ஓட்டுகிறோம்? அமெரிக்க மரீன் படையில் இருந்த ஜெஃப் கூப்பர் மனநிலையை நிறங்களாகப் பிரித்தார். வெள்ளை என்றால் எதையும் கவனிக்காத நிலை, மஞ்சள் என்றால் பதற்றமில்லாத கவனம், ஆரஞ்சு என்றால் குறிப்பிட்ட ஒன்று கண்ணை உறுத்துகிறது, சிவப்பு என்றால் செயல்பட வேண்டிய நேரம். பொது இடத்தில் மஞ்சளில் இருந்தால் போதும். நாள் முழுக்க ஆரஞ்சில் இருக்கிறவர்களுடன் வேலை செய்திருக்கிறேன். இரண்டே வாரத்தில் களைத்து, கடைசியில் எதையும் கவனிக்காத வெள்ளைக்கே போய்விடுவார்கள்.

மஞ்சளில் இருப்பதற்கு நான் செய்வது சின்ன வேலை. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் உட்காரும் முன் இரண்டாவது வழியைப் பார்த்துவிடுவேன். நுழைந்த வழி கணக்கில் வராது, ஏனென்றால் கலவரமான நேரத்தில் எல்லோரும் அதை நோக்கித்தான் ஓடுவார்கள். தாக்க வருகிறவனும் பெரும்பாலும் அதே வழியாகத்தான் வருவான். உணவகம் என்றால் சமையலறைக்குப் பின்னால் சரக்கு இறக்கும் கதவு இருக்கும். அரங்கம் என்றால் மேடைக்குப் பின்னால். பெரிய கடைகளில் ஊழியர்கள் மட்டும் என்று எழுதிய கதவுக்குப் பின்னால் நீண்ட நடைபாதையே இருக்கும். சாதாரண நாளில் அந்தப் பக்கம் போகக் கூடாதுதான், அன்றைக்குப் போகலாம்.

மும்பையில் 2008 நவம்பர் 26 இரவு நடந்தது இதற்கு நல்ல சாட்சி. பத்துப் பேர் நகரத்தின் பல இடங்களைத் தாக்கி 166 பேரைக் கொன்ற அந்தத் தாக்குதலில், சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர் விஷ்ணு ஜெண்டே. ரயில் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்த அதே ஒலிபெருக்கியில், எந்தப் பக்கம் போகக் கூடாது, பின்வாசல் வழியாக எப்படி வெளியேறுவது என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய அறையை நோக்கியும் சுட்டார்கள். நிலையத்தின் ஒவ்வொரு வழியும் அவருக்கு மனப்பாடம் என்பதால் பலருக்கு உயிர் மிஞ்சியது. எல்லா இடத்திலும் ஒரு ஜெண்டே இருக்க மாட்டார். நமக்கு நாமே அந்த அறிவிப்பைச் செய்துகொள்ள வேண்டியதுதான்.

விடுதி அறை விஷயத்தில் எங்கள் அமைப்பு கறாராக இருக்கும். மூன்றாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் இடையில்தான் அறை எடுக்க வேண்டும். கீழே இருந்தால் வாகனக் குண்டுக்கும் உள்ளே நுழைகிறவனுக்கும் பக்கம், ரொம்ப மேலே போனால் தீயணைப்பு ஏணி எட்டாமல் போகலாம். சாலையைப் பார்த்த அறையாக இருக்கக் கூடாது. காட்சி அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெடிவிபத்தில் ஆட்களைக் கிழிப்பது பெரும்பாலும் கண்ணாடிதான். பெட்டியை வைத்ததும் அவசரப் படிக்கட்டு வரை நடந்து, நடுவில் எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்வேன். புகையிலும் இருட்டிலும் சுவரைத் தடவிக்கொண்டே போக அந்த எண்ணிக்கை உதவும். பிறகு அந்தப் படியில் கீழே வரை இறங்கிப் பார்ப்பேன். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் முக்கியம் இதுதான். ஒரு விடுதியில் தரைத்தளக் கதவுக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வரவேற்பில் சொன்னேன், சாயந்திரம் அகற்றிவிட்டார்கள். அவர்களுக்கே தெரியாதாம்.

விமான நிலையத்தில் எல்லோருக்கும் சோதனைக்கு அப்புறம் உள்ள பகுதிதான் நினைவுக்கு வரும். 2016 மார்ச் 22 அன்று பிரஸ்ஸல்ஸில் குண்டு வெடித்தது பயணிகள் பெட்டியோடு வரிசையில் நின்ற புறப்பாட்டுக் கூடத்தில், சோதனைக்கு முன்னால். 2011 ஜனவரியில் மாஸ்கோவின் தமதேதவா நிலையத்தில் வெடித்தது உறவினர்களை வரவேற்கக் கூட்டம் காத்திருந்த இடத்தில், 37 பேர் இறந்தார்கள். யாரும் சோதிக்கப்படாமல் கூட்டமாக நிற்கிற இடம் எங்கேயோ அதுதான் பலவீனமான இடம். ஆகவே போர்டிங் பாஸை முன்கூட்டியே எடுத்துவிட்டு, நேராக உள்ளே போய்விடுகிறேன். என்னை அழைக்க வருகிறவர்களையும் வாசலில் கூட்டத்தோடு நிற்க வேண்டாம், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், வந்து கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுவேன். அரங்க நிகழ்ச்சி முடிந்து வெளியேறும் நேரமும் இதே போலத்தான்.

மான்செஸ்டரில் 2017 மே 22 அன்று நடந்ததும் அப்படி ஒரு வெளியேறும் நேரத்தில்தான். இசை நிகழ்ச்சி முடிந்து பிள்ளைகள் வெளியே வர, பெற்றோர் காத்திருந்த முன்கூடத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். அதைப் பற்றிய பொது விசாரணையில் வெளிவந்த விவரங்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். பெரிய முதுகுப்பையோடு ஒதுங்கி உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து, அங்கே காத்திருந்த ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. நேராகப் போய் அவனிடமே கேட்டிருக்கிறார். பாதுகாப்பு ஊழியரிடமும் சொல்லியிருக்கிறார். அந்தத் தகவல் உரிய இடத்துக்குப் போகவே இல்லை. அரங்கின் இளம் பாதுகாப்பு ஊழியர் ஒருவர், தன் சந்தேகம் தப்பாக இருந்தால் நிறவெறியன் என்று சொல்லிவிடுவார்களோ எனத் தயங்கியதாகச் சாட்சியம் சொன்னார். இங்கேயும் அதே தயக்கம்தான், காரணம் மட்டும் வேறு.

அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. லண்டன் ரயில்களிலும் பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் பலியாகி இரண்டே வாரம் கழித்து, 2005 ஜூலை 22 அன்று, ழான் ஷார்ல்ஸ் தெ மெனெசெஸ் என்ற பிரேசில்காரரைப் போலீஸார் வேறொருவர் என்று தவறாக நினைத்து ரயிலுக்குள்ளேயே சுட்டுக்கொன்றார்கள். அவர் மின்பணியாளர், எந்தக் குற்றமும் செய்யாதவர். தாடி, தோல் நிறம், தொழுகை, உடை என்று பார்க்க ஆரம்பித்தால் இப்படித்தான் முடியும். அதோடு, அப்படிப் பார்க்கிறவர்கள் உண்மையான ஆளைத் தவறவிடுவார்கள். 2019-இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் சுட்டவன் எப்படி இருந்தான், 2011-இல் நார்வேயில் சுட்டவன் எப்படி இருந்தான் என்று யோசித்துப் பார்த்தால் போதும். இருவரும் வெள்ளையர்கள்.

பார்க்க வேண்டியது நடத்தையை. அதற்கு முதலில் அந்த இடத்தில் சாதாரணம் எது என்று தெரிய வேண்டும். வெயில் காலத்தில் கனத்த மேலங்கி, ரயில் வந்தும் ஏறாமல் கேமராக்களையும் காவலர் மாறும் நேரத்தையும் படமெடுப்பது, ஊழியர்களிடம் வெளியேறும் வழி, பூட்டு, சோதனை பற்றியெல்லாம் துருவித் துருவிக் கேட்பது, நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை விட்டுவிட்டு வேகமாக நடந்து போவது. இதில் ஒவ்வொன்றுக்கும் அப்பாவியான காரணம் இருக்கலாம், பெரும்பாலும் இருக்கும். விசாரிப்பது நம் வேலை இல்லை, சொல்வது மட்டும்தான் நம் வேலை. 2010 மே 1 அன்று நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், நடைபாதை வியாபாரிகள் ஒரு காருக்குள்ளிருந்து புகை வருவதைப் பார்த்து, அங்கே ரோந்து வந்த போலீஸ்காரரிடம் சொன்னார்கள். உள்ளே இருந்தது வெடிகுண்டு. அது வெடிக்கவில்லை, இடமும் காலியாகிவிட்டது. தினமும் அதே இடத்தில் நிற்கிறவர்கள் என்பதால் எது வழக்கமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தது.

சொல்லும்போது, “ஒரு ஆள் சந்தேகமா இருக்கான்” என்றால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்த இடம், எத்தனை மணி, என்ன செய்தார், உயரம், உடை நிறம், பை எப்படி, எந்தத் திசையில் போனார், வண்டி என்றால் எண். இவ்வளவு சொன்னால் கேட்கிறவர் எழுந்து வருவார். முதல் காவலர் அலட்சியமாகத் தலையாட்டினால் அடுத்தவரிடம் சொல்லுங்கள். அவரும் கேட்காவிட்டால் அவசர எண்ணுக்குப் பேசுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவிலும் அது 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவில் 911. புது நாட்டில் இறங்கியதும் நான் முதலில் தெரிந்துகொள்வது இதைத்தான்.

கேட்பாரற்றுக் கிடக்கும் பை பற்றி ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் போலீஸார் சொல்லித்தருவது. வேண்டுமென்றே ஒளித்து வைத்தது போல் இருக்கிறதா? கம்பி, பேட்டரி, திரவம் என்று வெளிப்படையாக ஏதாவது தெரிகிறதா? இந்த இடத்தில் இப்படி ஒரு பொருள் கிடப்பது வழக்கமா? ரயில் நிலைய நாற்காலியில் கிடக்கும் பள்ளிப்பை பெரும்பாலும் மறதிதான். அதே பை தூணுக்குப் பின்னால் குப்பைத்தொட்டிக்கு அடியில் செருகியிருந்தால் கதை வேறு. அப்போது தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், பக்கத்தில் நின்று செல்போனில் பேசாதீர்கள். குறைந்தது 15 மீட்டர் தள்ளிப் போய்த்தான் போனை எடுக்க வேண்டும். கைப்பை அளவுக்கு 100 மீட்டர், பெரிய பெட்டிக்கும் காருக்கும் 200, லாரிக்கு 400 மீட்டர் விலக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. விலகியதும் வெட்டவெளியில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. ஜன்னல் இல்லாத கெட்டியான சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும்.

நேரடியான துப்பாக்கித் தாக்குதல் என்றால் வரிசை இதுதான்: ஓடு, முடியாவிட்டால் ஒளிந்துகொள், பாதுகாப்பானதும் தகவல் சொல். பை, லேப்டாப் எல்லாம் கிடக்கட்டும். வர மறுக்கிறவர்களிடம் ஒரு முறை சொல்லுங்கள், இரண்டாவது முறை கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். கேட்க இது கொடூரமாகத்தான் இருக்கும். பயிற்சியில் எங்களுக்கும் இதுதான் ஜீரணிக்கக் கஷ்டமாக இருந்தது. ஒளியும்போது கண்ணுக்கு மறைவது வேறு, குண்டுக்கு மறைவது வேறு என்பது நினைவில் இருக்க வேண்டும். சோபா, மரக்கதவு, கார் கதவு எதுவும் தோட்டாவை நிறுத்தாது. செங்கல் சுவர், கான்கிரீட் தூண், காரின் இன்ஜின் பகுதி ஓரளவு நிறுத்தும். அறைக்குள் பூட்டிக்கொண்டால் விளக்கை அணைத்து, கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி இருங்கள். போனைச் சைலண்டில் போட்டால் மட்டும் போதாது, அதிர்வையும் நிறுத்த வேண்டும். நிசப்தமான அறையில் மேஜை மேல் போன் அதிர்வது அடுத்த அறை வரை கேட்கும். போலீஸ் வந்ததும் அவர்களை நோக்கி ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். அவர்களுக்கு அந்த நேரத்தில் யார் யாரென்று தெரியாது. கையில் எதுவும் இல்லாமல், விரல்களை விரித்துக் காட்டி, சொன்னதை மட்டும் செய்யுங்கள். அடிபட்டவர்களைத் தாண்டிப் போகிறார்களே என்று கோபப்படாதீர்கள். முதலில் வருகிறவர்களின் வேலை சுடுகிறவனை நிறுத்துவது, மருத்துவ உதவி அவர்களுக்குப் பின்னால் வரும்.

வெளியே வந்துவிட்டால் அங்கே நிற்காதீர்கள். பாலியில் 2002 அக்டோபர் 12 அன்று முதல் குண்டு ஒரு மதுக்கூடத்துக்குள் வெடித்தது. சில வினாடிகளில், எதிரே நிறுத்தியிருந்த வேனில் அதைவிடப் பல மடங்கு பெரிய குண்டு வெடித்தது. 202 பேர் இறந்தார்கள். நின்று வீடியோ எடுக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேன்தான் ஞாபகம் வருகிறது.

வீடியோவில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மும்பைத் தாக்குதலின்போது, தொலைக்காட்சி நேரலையைப் பார்த்துக்கொண்டே தாக்குதலை இயக்கியவர்கள் எல்லைக்கு அப்பாலிருந்து போனில் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கசாப் வழக்கின் தீர்ப்பில் 2012-இல் இந்திய உச்ச நீதிமன்றம் சேனல்களைக் கடுமையாகக் கண்டித்தது. 2015-இல் அத்தகைய நடவடிக்கைகளை நேரலையில் காட்ட விதி போட்டுத் தடை செய்தார்கள். அன்று சேனல் செய்ததை இன்று ஒவ்வொரு கைப்பேசியும் செய்ய முடியும். பிரஸ்ஸல்ஸ்காரர்கள் இதை அழகாகச் சமாளித்தார்கள். 2015 நவம்பரில் நகரம் முழுக்கத் தேடுதல் நடந்தபோது, போலீஸ் நடமாட்டத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் அதற்குப் பதில் தங்கள் வீட்டுப் பூனைப் படங்களாகப் போட்டு அந்த ஹேஷ்டேக்கையே நிரப்பிவிட்டார்கள்.

புரளியும் ஆளைக் கொல்லும். 2017 ஜூன் 3 அன்று இத்தாலியின் தூரின் நகரச் சதுக்கத்தில் பெரிய திரையில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில், திருட்டுக் கும்பல் ஒன்று மிளகு ஸ்பிரே அடிக்க, குண்டு என்று நினைத்து ஓடிய தள்ளுமுள்ளுவில் 1,500 பேருக்கு மேல் காயம், உயிர்ப்பலியும் உண்டு. நகர வேண்டும் என்று நான் சொல்வது இந்த ஓட்டத்தை அல்ல. நெரிசலில் கைகளை மார்புக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் ஓட்டத்தை எதிர்க்காமல், சாய்வாக ஓரத்தை நோக்கி ஒதுங்க வேண்டும். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்கவே கூடாது. கூட்டத்துக்குள் போகும்போதே நடுவில் போய் நிற்காமல் ஓரமாக நிற்பது என் வழக்கம். மேடை கொஞ்சம் சரியாகத் தெரியாதுதான்.

ரத்தம். இதற்கு மட்டும் எல்லோரும் அரை நாள் ஒதுக்கிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வேன். கை காலில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆம்புலன்ஸ் அதற்குள் வராது. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் பலர் கால் இழந்தார்கள், ஆனால் உயிரோடு மருத்துவமனை சேர்ந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் பெல்ட்டையும் துணியையும் வைத்துக் கட்டிய கட்டுகளுக்கு அதில் பங்கு உண்டு. முதலில் கையால் அழுத்துங்கள், முழு உடல் எடையையும் போட்டு. நிற்காவிட்டால் டூர்னிக்கெட், அதாவது ரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை: காயத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் வராமல், ரத்தம் நிற்கும் வரை முறுக்க வேண்டும். அடிபட்டவர் வலியில் கத்துவார். அதற்காகத் தளர்த்தக் கூடாது. ரத்தம் நின்றால்தான் சரியாகக் கட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலோ அந்தக் கட்டின் மேலோ எழுதிவிட்டு, மருத்துவர் வரும் வரை தளர்த்தாமல் விட வேண்டும். இடுப்பு மடிப்பு, அக்குள் போன்ற கட்ட முடியாத இடங்களில் சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து அழுத்த வேண்டும். துணியைத் திணிக்கும்போது முதல் முறை கை நடுங்கத்தான் செய்யும், அதனால்தான் பொம்மையில் செய்து பழக வேண்டும். என் பையில் எப்போதும் ஒரு டூர்னிக்கெட் இருக்கிறது, கையுறையும் மார்க்கர் பேனாவும் கூடவே.

குடும்பத்தோடு போகும்போது இரண்டு விஷயம் பேசிவைத்துக்கொள்கிறோம். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது, அந்த இடமும் போக முடியாமல் போனால் அடுத்தது எது. சம்பவ நேரத்தில் போன் வலையமைப்பு திணறும். பேச்சு போகாதபோதும் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிடும். “நலம். இன்ன இடம்.” அவ்வளவு போதும். பிள்ளைகளுக்கு முக்கியமான எண்ணை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். பயங்கரவாதம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. தொலைந்துபோனால் என்ன செய்வது என்ற விளையாட்டாகவே அதைக் கற்றுக்கொண்டார்கள். உள்ளே போனதும் வெளியே போகும் வழியைக் கண்டுபிடிப்பதில் என்னைவிட அவர்கள் வேகம்.

எல்லாவற்றையும் தனிமனிதன் தலையில் கட்டுவதும் சரியில்லை. மான்செஸ்டரில் மகனைப் பறிகொடுத்த ஃபிகென் மரே பல வருடம் போராடி, பிரிட்டனில் 2025 ஏப்ரலில் ஒரு சட்டம் வரக் காரணமானார். மகன் பெயரில் ‘மார்ட்டின் சட்டம்’ என்றே அழைக்கிறார்கள். 200 பேரோ அதற்கு மேலோ கூடும் இடங்களை நடத்துகிறவர்கள், தாக்குதல் நடந்தால் ஆட்களை எப்படி வெளியேற்றுவது, எப்படிப் பூட்டுவது, எப்படித் தகவல் சொல்வது என்று திட்டம் வைத்திருக்க வேண்டும். நடைமுறைக்கு வர அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சட்டம் இல்லாத நாட்டிலும், கூட்டத்துக்கு அரங்கம் பதிவு செய்யும்போது நான் கேட்டுவிடுகிறேன்: நிகழ்ச்சி நேரத்தில் பின்கதவு பூட்டியிருக்குமா, ஏதாவது ஆனால் அறிவிப்பு செய்வது யார். பதில் சொல்லத் தெரியாத இடங்களை முடிந்தவரை தவிர்க்கிறோம்.

சம்பவத்துக்குப் பிறகு வருவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. குண்டு வெடித்த ஊரில் வேலை முடித்து வந்த முதல் தடவை, கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது, தூக்கம் கெட்டது. இது சில வாரம் இருக்கும், உடம்பு தானாகச் சரியாகிவிடும் என்று எங்கள் மருத்துவர் சொன்னார், அப்படியே ஆயிற்று. அவர் கண்டிப்பாக வேண்டாம் என்றது ஒன்றைத்தான்: அந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விஷயம் கண்டார்கள். அடுத்த வாரம் முழுக்க நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிக மனஅழுத்தம் இருந்தது. அதனால் செய்தி காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, படமாக இல்லாமல் எழுத்தாக என்று வைத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவைத் திறக்காமலேயே அழித்துவிடுகிறேன். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் திரும்பவில்லை, அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். எங்கள் அமைப்பில் இதற்கு விடுப்பு கேட்கவே தேவையில்லை, திரும்பி வந்ததும் அவர்களே நாள் குறித்து அனுப்பிவிடுகிறார்கள்.